இங்கிலாந்து தேவாலயப் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர்கள், இங்கிலாந்துக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள் அல்லது கொடுத்தவர்கள், கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் என்று வீட்டில் சொல்லிக் கேட்டவர்கள், சும்மா வரலாற்று ஆர்வத்தில் நுழைந்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களைப் பெரும்பாலும் ஷேக்ஸ்பியர் குடும்பத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த குடும்பம். அதோடு, இந்தத் துறையில் வரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரே வீட்டில் இருக்கின்றன.

இந்தப் பதிவேடுகள் எப்போது தொடங்கின?

1538-ல். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) குருவும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கட்டளை போட்டார். புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவிடம், இன்னொன்று கோயில் பொறுப்பாளர்களிடம். புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயம் ஒன்றும் வீண் இல்லை. 1690-களில் பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் உண்மையிலேயே வரி வந்தது.

ஆனால் 1538 முதல் விடாமல் ஏடு இருக்கும் பங்குகள் கொஞ்சம்தான். முதலில் பல இடங்களில் மலிவான காகிதத்தில் எழுதினார்கள். 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, "குறிப்பாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்ததிலிருந்து" என்று ஒரு வாசகம் சேர்ந்துகொண்டது. எழுதச் சோம்பல்பட்டவர்களுக்கு அது போதாதா? பல ஏடுகள் 1558-லிருந்துதான் தொடங்குகின்றன. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடும் அப்படித்தான். 1600 வரைக்கும் அது ஒரே கையெழுத்தில் இருக்கிறது. அதாவது ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவு என்று நாம் படம் எடுத்துப் போற்றுவதே ஒரு நகல்தான்.

நான் நேரே இந்த ஏடுகளில் தேட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். தெரிந்த ஆளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவு செய்கிறது. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். (தாயின் பெயர் சேர்ந்தது 2021-ல்தான்.) பிறப்புப் பதிவு அட்டவணையை அரசுத் தளத்தில் இலவசமாகத் தேடலாம், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் வரும். ஆனால் 1875 வரை பிறப்பைப் பதிவு செய்யும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வலுவாக இல்லை. அதற்கு முந்தைய பிறப்புகளில் சில அட்டவணையில் இருக்காது.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரும் கிடையாது. இதே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். 1851 முதல் எந்தப் பங்கில் பிறந்தார் என்பதே இருக்கும். அந்தப் பங்கின் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. அது கையில் வந்த பிறகு பழைய ஏட்டைத் திறங்கள். பங்கு தெரியாமல் "ஜான் ஸ்மித், 1790 வாக்கில்" என்று தேடினால் ஆயுள் போய்விடும்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதலாமா?

கூடாது. இந்தத் துறையில் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது: குரு எழுதியது கோயிலில் நடந்த சடங்கை. பிறப்பை அல்ல, இறப்பையும் அல்ல. சடங்கு நடக்காவிட்டால் பதிவும் இல்லை.

ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்தது 1564 ஏப்ரல் 26. உலகம் ஏப்ரல் 23-ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த சில நாளில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இந்த ஊகம் ஓரளவு நிற்கிறது. பிற்காலத்தில் இதை நம்ப முடியாது. ஒரே நாளில் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மொத்தமாகக் கொடுத்த குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிறைய. அவர்களை நால்வராகப் பிறந்தவர்கள் என்று மரத்தில் எழுதி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் மகன், அதே ஆண்டு முந்தைய ஏப்ரலில் பெற்றோர் திருமணம் என்று ஏட்டில் இருக்கிறது. கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை எல்லாம் பழைய ஆண்டின் வால். ஷேக்ஸ்பியரின் இரட்டைப் பிள்ளைகள் ஹாம்னெட்டும் ஜூடித்தும் ஏட்டில் 1584 பிப்ரவரி 2 என்று இருக்கிறார்கள். நம் கணக்கில் அது 1585. குழப்பம் வராமல் இருக்க 1584/85 என்று இரண்டையும் எழுதுவது வழக்கம். எழுதும்போது ஒருபோதும் நீங்களாக "திருத்தி" ஒரே ஆண்டாக்காதீர்கள். அடுத்து படிப்பவர் இன்னொரு முறை திருத்துவார்.

1752-ல் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் பதினோரு நாள் கிடையாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதப் பெயர் சொல்ல மாட்டார்கள், எண்தான். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச்.

எழுத்தே புரியவில்லை. லத்தீன் வேறு.

லத்தீன் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெயர்களும் ஒரு பத்து இருபது சொற்களும்தான். குலியெல்முஸ் என்றால் வில்லியம், ஜேக்கபுஸ் என்றால் ஜேம்ஸ். ஷேக்ஸ்பியரின் பதிவு "குலியெல்முஸ் ஃபிலியுஸ் யோஹான்னெஸ் ஷாக்ஸ்பெரெ" என்று போகிறது. அதாவது ஜானின் மகன் வில்லியம். அதில் லத்தீன் இலக்கணமே தப்பு, வேற்றுமை உருபு சரியில்லை. எழுதியவருக்கே அவ்வளவுதான் தெரியும் என்றால் நமக்கென்ன கூச்சம்? 1733-க்குப் பிறகு லத்தீன் அனேகமாகப் போய்விடும்.

தடுக்கி விழவைப்பது சுருக்கெழுத்து. 7 போட்டுப் பக்கத்தில் "பெர்" என்று இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். எக்ஸ் (ரோமன் எண்ணில் பத்து) போட்டிருந்தால் டிசம்பர். ஆண்டு மார்ச்சில் தொடங்கிய கணக்கு.

குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலை விட்டுத்தள்ளுங்கள். குரு காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஏட்டில், ஒரே ஆளின் பெயர், மூன்று விதமாக வரும். "எங்கள் குடும்பம் எப்போதும் கடைசியில் 'இ' போட்டுத்தான் எழுதும்" என்று வாதாடி, எதிரில் நிற்கும் தாத்தாவைத் தவற விட்டவர்கள் பலர்.

பழைய கையெழுத்துக்கு ஒரே வழி, அதே குரு எழுதிய நாலைந்து பக்கங்களை முதலில் படிப்பது. தெரிந்த சொற்களான மாதப் பெயர், "மகன்", "மகள்" ஆகியவற்றிலிருந்து அவர் எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் பெயருக்குப் போகலாம்.

ஒரு பதிவில் என்னென்ன விவரம் கிடைக்கும்?

காலத்தைப் பொறுத்தது, குருவையும் பொறுத்தது. 1813-க்கு முந்தைய அடக்கப் பதிவில் பல நேரம் தேதியும் பெயரும் மட்டும். 1813 ஜனவரி முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில். அடக்கத்தில் வயதும் இருப்பிடமும். திருமணத்துக்கு அச்சுப் படிவம் அதற்கும் முன்பே, 1754-ல் வந்துவிட்டது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி. சாட்சிகளை அலட்சியம் செய்யாதீர்கள், பாதி நேரம் அண்ணனோ அக்காவோதான்.

யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். வில்லியம் டேட் என்ற குரு 1770-களில் ஒரு விரிவான படிவத்தைப் புகுத்தினார். குழந்தை எத்தனையாவது பிள்ளை, தாத்தா பாட்டி யார், எந்த ஊர் என்பது வரை ஒரே வரியில் இருக்கும். மற்ற குருமார் முனகினார்கள், பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே நாளில் முடிந்தது.

ஓரத்தில் "பி" என்ற எழுத்து இருந்தால் ஏழை என்று பொருள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு விலக்கு. எல்லோரும் உண்மையில் ஏழைகளா, இல்லை குரு இரக்கப்பட்டாரா என்பது வேறு விஷயம். அடக்கப் பதிவில் "உறுதிமொழி" என்று இருந்தால் கம்பளிச் சட்டம். 1660-களிலிருந்து, நாட்டின் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற, பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்ற வேண்டும் என்றார்கள். அப்படித்தான் சுற்றினோம் என்று கொடுத்த உறுதிமொழி அது. மீறினால் ஐந்து பவுண்டு அபராதம்.

குருமார் தாமாக எழுதிய குறிப்புகளும் உண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டு அடக்க ஏட்டில் 1564 ஜூலை 11 அன்று ஒரு தொழில் பழகும் பையனின் பெயருக்குப் பக்கத்தில் லத்தீனில் மூன்று சொற்கள்: இங்கே கொள்ளைநோய் தொடங்கியது. அப்போது ஷேக்ஸ்பியர் மூன்று மாதக் குழந்தை.

திருமணப் பதிவு கிடைக்கவே இல்லை. கல்யாணம் ஆகாதவர்களா?

அவசரப்படாதீர்கள். ஷேக்ஸ்பியருக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் திருமணப் பதிவு கிடையாது.

முதலில், திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும். சுற்றுப் பங்குகளைப் பாருங்கள். இரண்டாவது, திருமணத்துக்கு இரண்டு வழி இருந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பது ஒன்று. பேராயரின் அலுவலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்குவது இன்னொன்று. உரிமத்துக்காக எழுதிய பிணைப் பத்திரங்கள் திருமணப் பதிவு தொலைந்த இடங்களிலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஷேக்ஸ்பியருக்குக் கைகொடுத்ததும் அதுதான். 1582 நவம்பர் 28 தேதியிட்ட நாற்பது பவுண்டு பிணைப் பத்திரம் வொர்ஸ்டரில் இருக்கிறது. ஓலையை ஒரே தடவை வாசித்தால் போதும் என்ற அனுமதிக்காக அது. ஏன் அவசரம் என்பது மறு ஆண்டு மே 26 ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தால் தெரியும்: மகள் சூசன்னா.

இதில் ஒரு வேடிக்கை. பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஆன் ஹாத்வே. முந்தைய நாள் பேராயர் அலுவலகப் பதிவில் ஆன் வேட்லி, வேறு ஊர். இரண்டு பெண்கள் என்று கதை கட்டினவர்கள் உண்டு. எழுத்தர் வேறொரு வழக்கின் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மூல ஆவணமும் தப்புச் செய்யும்.

மூன்றாவது, 1754-க்கு முன் லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றி ஓலையும் இல்லாமல் உரிமமும் இல்லாமல் கல்யாணம் செய்துவைக்கும் கடைகளே இருந்தன. அந்த ஏடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லார்டு ஹார்ட்விக்கின் சட்டம் 1754-ல் அமலுக்கு வந்து அந்த வியாபாரத்தை மூடியது.

1640-களிலிருந்து இருபது ஆண்டுக்கு ஒன்றுமே இல்லையே?

உள்நாட்டுப் போர். குருமார் துரத்தப்பட்டார்கள், ஏடுகள் கைவிடப்பட்டன. 1653-ல் பதிவு வேலை ஊரார் தேர்ந்தெடுத்த அதிகாரியிடம் போயிற்று. திருமணம் நீதிபதி முன்னால் நடந்தது. அந்த ஆண்டுகளின் ஏடு கிடைத்தால் ஞானஸ்நானத்துக்குப் பதில் பிறந்த தேதியே இருக்கும். கிடைப்பதுதான் அபூர்வம்.

மற்ற காலங்களில் ஏடு எரிந்தோ நனைந்தோ போயிருந்தால், பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகலைக் கேளுங்கள். 1598-லிருந்து அது விதி. நகலில் மூலத்தில் இல்லாத விவரம் இருப்பதும் உண்டு. எனவே மூலம் இருந்தாலும் நகலையும் பார்ப்பது நல்லது. 1650-களுக்கு மட்டும் இது உதவாது, அப்போது பேராயர்களே இல்லை.

எங்கள் முன்னோர் ஆங்கிலிக்கன் சபை இல்லை.

1754 முதல் 1837 வரை யூதர்களும் குவேக்கர்களும் தவிர எல்லோரும் சட்டப்படி அரசுச் சபையான ஆங்கிலிக்கன் கோயிலில்தான் திருமணம் செய்ய வேண்டும். ஆகவே மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், கத்தோலிக்கர் யாராக இருந்தாலும் திருமணத்துக்குப் பங்கு ஏட்டையே பாருங்கள். அடக்கமும் பெரும்பாலும் பங்கின் கல்லறைத் தோட்டத்தில்தான். பிறப்பும் ஞானஸ்நானமும் அவரவர் சபை ஏட்டில் இருக்கும். 1837-ஐ ஒட்டி அரசு அவற்றில் பெரும்பகுதியைச் சேகரித்தது, இப்போது இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. கத்தோலிக்கர் பலர் ஏடுகளை ஒப்படைக்கவில்லை. அவர்களுடைய சபையிடமே கேட்க வேண்டும்.

பெயர் பொருந்துகிறது, ஆண்டும் பொருந்துகிறது. இவர்தானே?

அது தெரியாது. தேடல் தளம் ஒரு பெயரை முதல் வரிசையில் காட்டியது சான்று ஆகாது. இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் மரமாகிவிடுகின்றன.

முதலில் அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பாருங்கள். அதே பங்கின் அடக்க ஏட்டில் அடுத்த பத்து ஆண்டுகளைப் புரட்டுங்கள். நாற்பது வயதில் பிள்ளை பெற்றதாக நீங்கள் நினைக்கிறவர் இரண்டு வயதில் புதைக்கப்பட்டிருக்கலாம். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் சாதாரணம். ஷேக்ஸ்பியரின் பெற்றோர் 1558-ல் ஒரு ஜோன், 1569-ல் இன்னொரு ஜோன் என்று இரண்டு பெண்களுக்கு ஒரே பெயர் வைத்தார்கள். முதல் ஜோனுக்கு அடக்கப் பதிவு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஜோன் இருப்பதே முதலாமவள் இறந்துவிட்டாள் என்பதற்கு நல்ல அறிகுறி.

அடுத்து, அதே பெயரில் வேறு யாரும் இல்லையா என்று தேடுங்கள். ஆங்கிலேயர்கள் ஜான், வில்லியம், தாமஸ் என்று ஒரு பிடிப் பெயர்களை வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளை ஓட்டியவர்கள். ஒரே ஊரில் ஒரே வயதில் இரண்டு பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், இருவர் பெயரும் ஜான், இருவர் மனைவி பெயரும் மேரி என்பது சர்வசாதாரணம். அக்கம்பக்கத்துப் பங்குகளில் உள்ள எல்லா ஜான்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று பார்த்து நீக்கிக்கொண்டே வாருங்கள். மிஞ்சுபவர் ஒருவராக இருந்தால் சரி. இரண்டு பேர் மிஞ்சினால் அங்கேயே நின்றுவிடுவதுதான் நேர்மை.

அந்தச் சிக்கலை அவிழ்க்க வேறு ஆவணம் இருக்கிறதா?

உயில்தான் முதலிடம். 1858 வரை உயில்களை உறுதிசெய்தவை தேவாலய நீதிமன்றங்கள். பெரிய சொத்துக்காரர்களின் உயில் கேன்டர்பரி நீதிமன்றத்துக்குப் போகும். அவை கியூவில் உள்ளன. ஷேக்ஸ்பியரின் உயில் 1616 ஜூன் 22 அன்று அங்கே உறுதியானது. மனைவி, இரண்டு மகள்கள், தங்கை ஜோன், அவள் பிள்ளைகள் எல்லோரும் அதில் வருகிறார்கள். தங்கையின் மூன்று மகன்களில் ஒருவன் பெயர் மறந்துவிட்டது போல, அந்த இடம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது! சாதாரண விவசாயியின் உயில் உள்ளூர்ப் பேராய நீதிமன்றத்தில் இருக்கும். கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

முன்னோர் ஏழைகளா? அப்படியானால் உங்களுக்குப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளைவிட அதிக ஆவணம் கிடைக்கலாம். 1834 வரை ஏழைக்குச் சோறு போடுவது பங்கின் பொறுப்பு. 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் "சொந்தப் பங்கு" ஒன்று உண்டு. வெளியூர் ஏழை வந்தால் திருப்பி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் ஆளை உட்காரவைத்து விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எவ்வளவு கூலி, எப்போது கல்யாணம்? அதை அப்படியே எழுதி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரின் வாழ்க்கை ஒரே தாளில் கிடைப்பது இங்கே மட்டும்தான். கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயர் பல நேரம் இருக்காது. ஆனால் குழந்தையின் செலவு பங்கின் தலையில் விழாமலிருக்க, தகப்பனிடம் பிணைப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள்.

ஒழுக்க வழக்குகளை விசாரித்த தேவாலய நீதிமன்ற ஏடுகளும் உண்டு. ஜூடித் ஷேக்ஸ்பியர் 1616 பிப்ரவரியில் தாமஸ் குவைனியை மணந்தார். மார்ச் 15 அன்று மார்கரெட் வீலர் என்ற பெண்ணும் அவள் குழந்தையும் அடக்கம் என்று பங்கு ஏடு சொல்கிறது, அவ்வளவுதான். அதே மாதம் 26 அன்று குவைனி அந்தப் பெண்ணுடனான உறவை ஒப்புக்கொண்டது நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது.

வீட்டிலிருந்தே தேட எந்தத் தளம்?

ஃபேமிலிசர்ச் இலவசம், முதலில் அது. ஃப்ரீரெக் தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதியது, அதுவும் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் கட்டணம். எந்தக் கவுண்டி எந்தத் தளத்தில் என்பது காப்பகங்கள் செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனவே பணம் கட்டும் முன் உங்கள் பங்கும் உங்கள் ஆண்டுகளும் அதில் உண்டா என்று பாருங்கள். "தேடினேன், இல்லை" என்பதற்கும் "அந்த ஏடே தளத்தில் இல்லை" என்பதற்கும் நிறைய வித்தியாசம். அட்டவணையில் பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் மூல ஏட்டின் படத்தைத் திறந்து பாருங்கள். ஓரக் குறிப்புகள் அட்டவணைக்கு வருவதே இல்லை.

முன்னோர் மெட்ராஸில் சிப்பாய். இங்கிலாந்தில் எந்தப் பங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெட்ராஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பதிவான முதல் திருமணம் அடுத்த வாரம், நவம்பர் 4 அன்று, பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான எலிஹூ யேலுடையது. 1753-ல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்ததும் அங்கேதான். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கங்களின் நகல் 1698 முதல் லண்டனுக்குப் போயிற்று. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட்டில்.

இந்தப் பதிவுகளில் இங்கிலாந்துப் பங்கின் பெயர் அனேகமாக வராது. அதற்கு ராணுவ ஆவணம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தவர்கள் வயதை நிரூபிக்கத் தங்கள் பங்கின் ஞானஸ்நானச் சான்றை இணைத்தார்கள், அந்தக் கட்டுகள் அப்படியே இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்க்கு ஆள்சேர்ப்புப் பட்டியல்களில் சொந்த ஊர் பல நேரம் உண்டு.

இந்தியத் தாய்மார் விஷயத்தில் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். பிள்ளையின் பதிவில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தாய்க்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் மட்டும், அல்லது அதுவும் இல்லை.

இங்கிலாந்து ஏடுகளில் நம்மவர் உண்டா?

உண்டு, எதிர்பார்ப்பதைவிட முன்பே. 1616 டிசம்பர் 22 அன்று லண்டன் புனித டயோனிஸ் தேவாலயத்தில், வங்கக் கடல் பக்கமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் குரு கூட்டிவந்த இளைஞன் ஒருவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் மன்னர் முதலாம் ஜேம்ஸ். அவன் சொந்தப் பெயரை ஏட்டில் யாரும் எழுதவில்லை. அதற்குப் பின் கப்பலில் வந்த வேலைக்காரர்கள், ஆயாக்கள், லஸ்கர் மாலுமிகள் என்று துறைமுகப் பங்குகளில் ஆங்காங்கே வருகிறார்கள்.

ஊர்க் குருவுக்கு நேரே எழுதலாமா?

பெரும்பாலும் அவரிடம் ஏடு இருக்காது. 1978-ல் வந்த சபைச் சட்டப்படி, எழுதி முடித்து நூறாண்டான ஏடுகள் காப்பகத்துக்குப் போக வேண்டும். கவுண்டி காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். குடும்பக் கதையை இரண்டு பக்கம் சொல்ல வேண்டாம். பெயர், பங்கு, எந்தச் சடங்கு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ஏற்கெனவே எதையெல்லாம் பார்த்தீர்கள்: இவ்வளவு போதும். தேடித் தருவதற்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஆண்டுக்கான ஏடு இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகக் காசு கேட்க மாட்டார்கள். அதை முதலில் கேளுங்கள்.